சட்டையைக் கழற்றாத மார்கழி

1

போன வாரம் பெர்த்தில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் வரிசையில் நின்றேன். முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர். எண்ணுவது என் சுபாவம். பொதுப்பணித் துறையில் இருந்து குளத்தையும் மதகையும் அளந்தே ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வரும்? என் முறை வந்தது. தலைமுடியில் பாதியைப் பச்சையாக்கியிருந்த கவுண்டர் பெண் என் மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில், "இதைச் சாப்பிட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. ஏதாவது பக்கவிளைவு உண்டா?" என்றாள்.

"ஒன்றும் இல்லை" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு முந்தைய வருஷம் இதே கவுண்டரில், வேறொரு மாத்திரைக்கு, இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லியிருந்தேன். அது பொய். அந்தப் பொய் என்னைச் சுசீந்திரம்வரை கூட்டிக்கொண்டு போய், கோயில் வாசலில் மூச்சு முட்ட வைத்து, நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியது. ஊரில் என் வயதுக்காரர்கள் இதைப் படிக்க வேண்டும். வயது குறைந்தவர்களும் படிக்கலாம். எல்லோரும் இங்கேதான் வந்து சேரப் போகிறீர்கள்.

2

மகள் கூப்பிட்டாள் என்று நானும் என் மனைவி பகவதியும் இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். நாஞ்சில் நாட்டில் மூன்று பேர் கூடினால் நான்கு அபிப்பிராயம் வரும். இங்கே முப்பது பேர் கூடினாலும் வானிலையைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான். அப்படி ஒரு கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு மாரடைப்பு வந்தது. உடனே தூக்கிக்கொண்டு போய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் இதயம் பழையபடி அடிக்கவில்லை. மழைக்காலத்து மோட்டார் பம்பு மாதிரி இழுக்கிறது, நிற்கிறது, யோசிக்கிறது. இதயச் செயலிழப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். செயல் இருக்கிறதே என்று கேட்டேன். இருக்கிறது, போதவில்லை என்றார்கள்.

ஏழு மாத்திரைகள். அவற்றில் ஒன்று ஸ்பைரோனோலாக்டோன். மற்ற ஆறும் எங்கே போய் என்ன செய்கின்றன என்று எனக்கு அக்கறை இல்லை. இது மட்டும் தன் வேலையை வெளியே காட்டியது.

முதலில் சீட் பெல்ட் உறுத்தியது. காரில் மகள் பிரேக் போடும்போதெல்லாம் இடப்பக்க மார்பில் ஒரு வலி. பிறகு வலப்பக்கமும். ஒரு நாள் குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். எழுபத்தாறு வயதில் எனக்கு மார்பு வளர்ந்திருந்தது. கொழுப்புத் தொங்கல் வேறு, அது எனக்குத் தெரியும், அது நாற்பது வயதிலிருந்தே உண்டு. இது நிமிர்ந்து நின்றது. பதினாறு வயதுப் பெண்பிள்ளைக்குத் தாய் கவனித்து ஒரு தாவணி எடுத்துக் கொடுப்பாள். எனக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

துணிந்து டாக்டரிடம் போனேன். நாற்பது வருஷம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவன்தான். ஆனால் இதற்கு நாகரிகமான வார்த்தை அகப்படவில்லை. "என் நெஞ்சில் ஒரு பிரச்சினை" என்று தொடங்கினேன். இந்த நாட்டில் ஓர் இதய நோயாளி அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. படுக்க வைத்து, ஒயர்களை ஒட்டி, படம் எடுத்து, ரத்தம் உறிஞ்சி, ஒரு மணி நேரம் கழித்து, "நல்ல செய்தி, உங்கள் நெஞ்சில் ஒன்றும் இல்லை" என்றார் டாக்டர். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஒயர் ஒட்டிய நர்ஸ் பார்த்திருப்பாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பது இங்கே பெரிய பண்பாடு. நம் ஊராக இருந்தால் நான் படி இறங்குவதற்குள் வடசேரி சந்தையில் விஷயம் காய்கறியோடு சேர்ந்து விற்றிருக்கும். எனக்கு மாத்திரையும் மாறியிருக்கும்.

3

இதில் கேவலம் என்னவென்றால், விஷயம் தெரிந்த ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

என் பேத்தி மீரா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எலி இதயங்கள். தமிழில் அவளிடம் பிசகில்லாமல் மிஞ்சியிருப்பது "பாட்டா", "சாப்பிட்டாச்சா", "போதும்". மற்றதெல்லாம் அவள் வாயில் வரும்போது ஆஸ்திரேலியக் காற்றில் காயப்போட்ட துணிபோல் ஆடும். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருவாள். வந்து கைப்பேசியைப் பார்ப்பாள். அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. மார்பு வளர்ந்த பிறகுதான் அறிவுத் தாகம் வந்தது.

"நியூக்ளியர் ரிசெப்டர் பாட்டா" என்றாள்.

கூடங்குளமா என்றேன். கண்ணை உருட்டினாள். செல்லின் நடுவில் இருக்கும் உட்கருவைச் சொல்கிறார்களாம். பொறுமையாக விளக்கினாள். அதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் குலசேகரம் பஸ் வருகிறது. அது நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒருவர் துண்டை எறிகிறார். சீட்டில் துண்டு விழுந்துவிட்டால் அது அவர் இடம். பின்னால் மூச்சிரைக்க ஏறுகிறவன் மந்திரியே ஆனாலும் நிற்க வேண்டியதுதான். நம் செல்லுக்குள்ளும் இப்படிச் சீட்டுகள் உண்டு. ஆல்டோஸ்டிரோன் என்று ஒரு ஹார்மோன் வந்து தன் சீட்டில் உட்காரும். உட்கார்ந்ததும் அந்தச் சீட்டு ஆளோடு சேர்ந்து உட்கருவுக்குள் போய், பரம்பரை ஏட்டில் குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்து, "உப்பைப் பிடித்து வை, தண்ணீரைப் பிடித்து வை" என்று உத்தரவு போடும். நல்ல உடம்புக்கு அது தேவை. இதயம் சோர்ந்துவிட்டால் இந்த ஹார்மோன் பதறிப்போய்க் கூட்டமாக வருகிறது. உப்பும் நீரும் தேங்குகின்றன. இதயத் தசையில் தழும்பு கட்டி அது விறைக்கிறது. காப்பாற்ற வந்தவனே மிதித்துக் கொல்கிற கதை. ஸ்பைரோனோலாக்டோன் முன்கூட்டி எறிந்த துண்டு. ஹார்மோன் வந்து பார்க்கும், இடம் இருக்காது, திரும்பிப் போகும்.

மீராவுக்கு இந்தத் துண்டு விஷயம் பிடித்துவிட்டது. "யாரும் அந்தத் துண்ட எடுத்துப் போட மாட்டாங்களா பாட்டா?"

"அடி விழும் மக்ளே."

இந்த மாதிரிச் சீட்டுகள், அதாவது ஏற்பிகள், மனிதனுக்கு நாற்பத்தெட்டு என்றாள். சரியாக ஒரு மண்டலம். தைராய்டுக்கு, வெயிலில் கிடைக்கும் விட்டமினுக்கு, கொழுப்புக்கு, ஆணுக்கு, பெண்ணுக்கு என்று எல்லாம் ஒரே மூதாதையின் வாரிசுகள், முகச்சாயல் ஒன்று. சொந்தக்காரர்கள் என்றால் குழப்பமும் உண்டு. இன்னொரு ஏற்பியை எழுப்பிவிடும் சர்க்கரை மாத்திரை ஒன்று இருக்கிறதாம். சர்க்கரையை நன்றாக இறக்கும், சோர்ந்த இதயக்காரனுக்கோ உடம்பில் நீரை ஏற்றிவிடும். அண்ணனைக் கூப்பிட்டால் தம்பி எழுந்து வருகிற குடும்பம்.

நான் மெதுவாகக் கேட்டேன். "ஒரே துண்டு பக்கத்துச் சீட்டிலயும் விழுமா?"

"விழும். நீங்க சாப்பிடறது பழைய காலத்து மருந்து, அது அப்படித்தான். ஆண் ஹார்மோன் சீட்லயும் போய் உக்காந்துக்கும். சில ஆம்பளைங்களுக்கு நெஞ்சு வளரும். இப்ப சரியான சீட்ல மட்டும் விழற மருந்து இருக்கு." அவள் தலையை நிமிர்த்தினாள். "ஏன் பாட்டா? உங்களுக்கு அப்படி இருக்கா?"

"சேச்சே. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

அவள் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டாள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

4

மார்கழித் தேரோட்டத்துக்குச் சுசீந்திரம் போவது என்று டிக்கெட் எடுத்திருந்தேன். என் அக்கா செல்லமும் அத்தான் பூதலிங்கமும் அங்கே இருக்கிறார்கள். மகளுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்திருந்ததால் பகவதி வரவில்லை. மாத்திரையைக் கண்காணிக்க ஆள் இல்லை என்பதை அப்போதே கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

சுசீந்திரம் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போக முடியாது. இதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம், நான் உங்களுக்கும் சொல்ல வேண்டாம். தாணுமாலயன் சன்னதியில் நான் எப்படி நிற்பேன்? மூன்று தெய்வம் ஒரே இடத்தைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்கிற கோயிலில், இரண்டு ஹார்மோனுக்கு ஒரு மாத்திரை செய்த வினையோடு போய் நிற்பதா? பதினெட்டடி அனுமன் எதிரில் மார்பைக் காட்டிக்கொண்டு நிற்க யாருக்குத்தான் தைரியம் வரும்? அதுகூடப் பரவாயில்லை. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அங்கே இருப்பார்கள். தெய்வம் மன்னிக்கும். அவர்கள் பட்டப்பெயர் வைப்பார்கள்.

ஆகவே பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தினேன். காலையில் டப்பாவிலிருந்து எடுப்பேன், வேட்டி மடிப்பில் வைப்பேன், தோட்டத்தில் எலுமிச்சை மரத்து மூட்டில் போடுவேன். அந்த மரம் இப்போது நன்றாக இருக்கிறது.

பயணக் காப்பீட்டுக்காரி போனில் நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டாள். கடைசிக் கேள்வி, "அண்மையில் எந்த மருந்தையாவது மாற்றினீர்களா, நிறுத்தினீர்களா?" இல்லை என்றேன். அவர்களிடம் இன்றுவரை இது பற்றி நான் மூச்சு விடவில்லை.

வலி குறைந்தது. வளர்ந்தது மட்டும் வற்றவில்லை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பது எனக்குத் தெரியாது. இன்னும் நாலு நாளில் குறைந்துவிடும், இன்னும் நாலு நாளில் குறைந்துவிடும் என்று விமானத்தில் ஏறினேன்.

5

திருவனந்தபுரத்தில் இறங்கும்போதே செருப்பு காலுக்குப் பற்றவில்லை. சுசீந்திரத்தில் வீட்டு வாசலில் அத்தான் நின்றிருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், வாய் மட்டும் நாற்பது வயது இளையது.

"வே தாணு, கங்காரு ஊருக்குப் போயிட்டு வயித்துல பையோட வந்திருக்கீரே" என்றார்.

"பிளேன்ல குடுத்த சாப்பாடு அத்தான்."

அக்கா என் காலைத்தான் பார்த்தாள். "ஏலே, இது காலா, மண்டபத்துத் தூணா? டாக்டரப் பாக்கலாமா?"

"ரொம்ப நேரம் உக்காந்து வந்தேம்லா அக்கா. வடிஞ்சிரும்."

வடியவில்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டில் மூன்று ஊறுகாய். அப்பளம் தனி. மட்டி வாழைப்பழக் குலை கதவுக்குப் பின்னால் தொங்கியது. பெர்த்தில் எனக்கு உப்புக்கு ஒரு அளவு, வாழைப்பழத்துக்கு ஒரு அளவு. அந்த மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், பழமும் ஏற்றும், இரண்டும் கூடினால் இதயம் தாளம் தப்பும் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். மாத்திரைதான் இல்லையே என்று பழத்தில் விளையாடினேன். உப்பு என்னோடு விளையாடியது. இரண்டு தலையணை வைத்தும் படுக்க முடியவில்லை.

தேருக்கு முந்தின நாள் காலை, கோயிலுக்குப் புறப்படலாமா என்று அத்தானைக் கேட்டேன்.

"நான் வரல்ல வே. முட்டு வலி. நீரு போயிட்டு வாரும்."

அக்கா அடுக்களையிலிருந்து சொன்னாள். "ரெண்டு வருசமா இதே பாட்டு. வடசேரி சந்தைக்குப் பஸ்ஸுல ஏறி எறங்குத முட்டு, சாமி கும்பிட மட்டும் மடங்காது. அம்பது வருசம் வடம் பிடிச்ச ஆளு. எனக்கானா வெளிய தல காட்ட முடியல்ல. என்னா, உங்க வீட்டுக்காரரு வேதத்துல சேந்து சர்ச்சுக்குப் போகத் தொடங்கிட்டாரான்னு கேக்காவ."

அத்தான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருவில் என்னைவிட வேகமாக நடந்தார். முட்டில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

கோபுர வாசல் தாண்டி, எல்லோரும் சட்டையைக் கழற்றித் தோளில் போடுகிற இடம் வந்தது. நான் மேல் பொத்தானைத் தொட்டுவிட்டு நின்றேன். அத்தானும் நின்றார்.

"கழத்தும் வே."

"நீங்க மூத்தவரு. நீங்க முதல்ல."

"நீரு விருந்தாளி."

"கூட்டம் கொறையட்டும் அத்தான்."

"ஆமா. கூட்டம் கொறையட்டும்."

மார்கழியில் அந்தக் கூட்டம் எப்போது குறைய? எங்களைத் தாண்டிப் போனவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபதோ எழுபதோ வந்தபோது எண்ணிக்கை தப்பியது. எனக்கு அப்படித் தப்புவதில்லை. நெஞ்சுக்குள் யாரோ ஈரச் சாக்கைத் திணித்ததுபோல் இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். காற்று உள்ளே வரவில்லை.

"வே தாணு. ஏலே. என்ன செய்யுகு?" அத்தான் குனிந்து என் சட்டைப் பொத்தான்களைப் பட்பட்டென்று திறந்தார். திறந்தவர் நிறுத்தினார். என் மார்பைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி மார்பைப் பார்த்தார்.

"இது எந்த மாத்திர வே?"

நான் பெயரைச் சொன்னேன், மூச்சு விட்ட இடைவெளிகளில்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். தன் சட்டையில் இரண்டு பொத்தானைத் திறந்து எனக்கு மட்டும் காட்டிவிட்டு மூடினார். என்னுடையதைவிடப் பெரியது.

"எத்தன நாளா அத்தான்?"

"ரெண்டு வருசம். எனக்கும் இதே மாத்திரதான்."

"அப்பம் முட்டு?"

"முட்டுக்கு என்ன? அது சொகமா இருக்கு."

"நான் மாத்திரைய நிறுத்திட்டேன். ரெண்டு மாசம் ஆகப்போகு."

"இதுக்காவயா?"

தலையாட்டினேன். பூதலிங்கம் அத்தான் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. அவருக்கு அப்படி ஒரு முகம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"கோட்டியா வே ஒமக்கு? நான் சாமிய நிறுத்துனேன். சாமிய நிறுத்துனா அவரு பொறுத்துக்கிடுவாரு. மாத்திரைய நிறுத்துனா பொறுக்குமா? எந்தியும், ஆட்டோ பிடிக்கேன்."

6

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். காலில் விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாள். நுரையீரலில் தண்ணீர் என்றாள். எந்த மருந்தை நிறுத்தினீர்கள் என்றுதான் முதலில் கேட்டாள். எப்படியோ தெரிந்திருக்கிறது. சட்டை ஏற்கெனவே திறந்திருந்ததால் விளக்க வேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போயிற்று.

"இதச் சொல்லுகதுக்கு வெக்கப்பட்டா நிறுத்துனீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்திரைய மாத்தித் தந்திருப்பாங்களே." கதவோரம் நின்ற அத்தானைப் பார்த்தாள். "இவரு யாரு?"

"கூட வந்த ஆளு" என்றார் அத்தான்.

"இவருக்கும் உண்டு டாக்டர்" என்றேன். மூச்சு கொஞ்சம் மீதி இருந்தது, அதை இதற்குச் செலவழித்தேன்.

அத்தான் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் சட்டையைக் கழற்றினார். அவள் இரண்டு பேருக்கும் எப்ளெரெனோன் என்று வேறொன்று எழுதினாள். சரியான சீட்டில் மட்டும் விழுகிற துண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும், பழத்தைக் குறைக்க வேண்டும், வளர்ந்தது மெதுவாக வற்றலாம், முழுக்க வற்றுமென்று உறுதி சொல்ல மாட்டேன் என்றாள். அத்தானைப் போகச் சொல்லிவிட்டு என்னைப் படுக்க வைத்தாள்.

ஊசி போட்டதும் நீர் போனது. அளந்து எழுத வேண்டும் என்றார்கள். வாழ்நாள் முழுக்க மதகு திறந்து வெள்ளம் அளந்தவன், கடைசியில் என்னையே அளந்தேன். நல்ல வெளியேற்றம். இலாகாவில் இருந்தபோது எந்தக் குளத்திலும் அவ்வளவு துல்லியமாகக் கணக்குக் காட்டியதில்லை.

மீரா வீடியோவில் வந்தாள். அழுதிருந்தாள். எனக்குப் பழக்கமில்லாத காட்சி.

"நான் கேட்டேன்ல பாட்டா. உங்களுக்கு அப்படி இருக்கான்னு நேரா கேட்டேன்ல. ஏன் சொல்லல?"

"உன் கிட்ட எப்படி மக்ளே சொல்லுகது?"

"நான் நாள் முழுக்க எலி இதயத்துல அதத்தான் பாக்கறேன். எலிக்கு என்ன பிரச்சினைன்னு எனக்குத் தெரியுது. உங்களுக்கு என்னன்னு தெரியல."

எலியும் ஒன்றும் வாயைத் திறந்து சொல்வதில்லை என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. மூச்சு முட்டியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

7

தேரோட்டத்தன்று நான் கட்டிலில் கிடந்தேன். ஆறாயிரம் கிலோமீட்டர் வந்தும் கடைசி ஆறு கிலோமீட்டர் போக வழியில்லை. மத்தியானம் அக்கா தூக்குவாளியில் உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உங்க அத்தான் இன்னைக்கு என்ன செய்தாரு தெரியுமாலே?"

"என்ன?"

"சட்டையக் கழத்தி என் கையில தந்தாரு. துண்ட இடுப்புல கெட்டிக்கிட்டாரு. நேராப் போயி வடத்துல கை வச்சிட்டாரு. இழுக்கல்ல, டாக்டரு வேண்டாம்னிருக்காவல்லா, சும்மா பிடிச்சிக்கிட்டு நாலு எட்டு நடந்தாரு. நடுத்தெருவுல."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "எல்லாரும் பாத்தாவளா?"

"பாக்காம? அவ்வளவு சனம் நிக்கி."

"சிரிச்சாவளா?"

"ஒருத்தரும் சிரிக்கல்ல." அக்கா தூக்குவாளியை மூடினாள். "அவரு திரும்பி வந்து சட்டையப் போட்ட பொறவு நாலு கெழவன்மாரு ஒவ்வொருத்தனா பைய பக்கத்துல வந்தானுவ. மாத்திர பேரு என்ன, டாக்டரு எங்க இருக்காவன்னு கேட்டுட்டுப் போனானுவ."